லண்டனுக்கு முதன்முறை போகிறீர்களா? விசா முதல் திரும்பும் நாள் வரை

2025 ஜூனில் அம்மாவை அழைத்துக்கொண்டு பத்து நாள் லண்டன் போய்வந்தேன். அதற்கு முந்தைய ஆண்டே போயிருக்க வேண்டியது, விசா கிடைக்கவில்லை. கட்டிய பணமும் போயிற்று, எடுத்து வைத்திருந்த விடுப்பும் வீணாயிற்று. இரண்டாவது முறை எல்லாவற்றையும் நானே உட்கார்ந்து படித்து, நானே விண்ணப்பித்தேன். போன பிறகுதான் இன்னொன்றும் புரிந்தது. அந்த ஊரில் எங்கள் இருவருக்கும் மிகவும் பிடித்துப்போனவற்றில் பாதிக்குமேல் இலவசம். மீதியில் பல, பஸ் டிக்கெட் விலைக்குள் அடங்கிவிடுபவை. பணம் கரைவதெல்லாம் முன்கூட்டித் தெரியாததால்தான். நாங்கள் தடுக்கி விழுந்த இடங்களில் நீங்கள் விழக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டோடு, சுற்றிப் பார்க்க மட்டும், சொந்தச் செலவில் போகிறவர்களுக்கானது இது.

1. விசா: கணக்கு தெளிவாக இருக்கட்டும், காகிதம் குறைவாக இருக்கட்டும்

உங்களுக்கு வேண்டியது ஸ்டாண்டர்டு விசிட்டர் விசா. ஆறு மாதம் வரை தங்க அனுமதிக்கும். 2025 ஏப்ரலில் இதன் கட்டணம் 127 பவுண்ட் ஆனது. அடிக்கடி ஏற்றுகிறார்கள், விண்ணப்பிக்கும் நாளில் பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு விண்ணப்பம். குழந்தைக்கும் அதே கட்டணம்தான்.

பயணத் தேதிக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது. கைரேகையும் புகைப்படமும் கொடுத்த பிறகு சாதாரணமாக மூன்று வாரத்துக்குள் முடிவு தெரியும். விரைவாக வேண்டுமென்றால் 500 பவுண்ட் கூடுதலாகக் கட்டும் வசதி உண்டு. இரண்டரை மாதம் முன்பே விண்ணப்பித்துவிட்டால் அந்தப் பணத்துக்கு வேலையே இல்லை.

படிவத்தை நிரப்புவது, பணம் கட்டுவது, ஆவணங்களை ஏற்றுவது எல்லாம் இணையத்தில். நேரில் போக வேண்டியது விண்ணப்ப மையத்துக்கு மட்டும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் சென்னைக்குப் போவோம். அங்கே குறுஞ்செய்தித் தகவல், ஆவணங்களை ஏற்றித் தருவது என்று சில கூடுதல் சேவைகளைச் சொல்வார்கள். எதுவும் கட்டாயமில்லை.

இனி, முதல் முறை எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதைச் சொல்கிறேன். ஒரு முகவரை நம்பினோம். "கணக்கில் இருப்பு கனமாகத் தெரிய வேண்டும்" என்றார் அவர். விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்பு அம்மாவின் கணக்கில் நான்கு லட்சம் ரூபாயை ஒரே நாளில் போட்டோம். நிராகரிப்புக் கடிதத்தில் அந்த வரவைத் தேதியோடு குறிப்பிட்டு, இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று விளங்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். நியாயமான கேள்விதான். குடும்ப ஓய்வூதியம் மட்டும் வந்துகொண்டிருந்த கணக்கில் திடீரென்று நான்கு லட்சம் என்றால் யாருக்கும் சந்தேகம் வரும்.

இரண்டாவது முறை அம்மாவின் கணக்கை இருந்தபடியே காட்டினோம். மாதாமாதம் வரும் ஓய்வூதியம், கேஸ் சிலிண்டருக்கும் மருந்துக் கடைக்கும் போகும் சின்னச் சின்னத் தொகைகள், அவ்வளவுதான். "என் தாயாரின் முழுச் செலவையும் நான் ஏற்கிறேன்" என்று ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். அதோடு நான் வைத்தவை இவை:

– என்னுடைய ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, சம்பளச் சீட்டுகள், வருமான வரிக் கணக்கு
– விடுப்பு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று அலுவலகம் கொடுத்த கடிதம்
– அம்மாவுக்கும் எனக்கும் உள்ள உறவைக் காட்டும் என் பிறப்புச் சான்றிதழ்
– அம்மாவின் ஓய்வூதிய ஆணை, வீட்டுப் பத்திரம்
– எந்த நாள் எந்தப் பகுதி, எவ்வளவு செலவு என்று ஒரு பக்கத்தில் உத்தேசத் திட்டம்

வீட்டுப் பத்திரம் தமிழில் இருந்தது. இது நம்மில் பலர் சிக்கிக்கொள்ளும் இடம். ஆங்கிலத்தில் இல்லாத எந்த ஆவணத்தோடும் முழு மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும். "இது மூலத்தின் சரியான மொழிபெயர்ப்பு" என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். நோட்டரி முத்திரை இதற்கு ஈடாகாது. பட்டா, பிறப்புச் சான்றிதழ், கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த சான்று, எதுவானாலும் இதே கதைதான்.

ஓட்டல் முன்பதிவு, விமான டிக்கெட், கார் ஆர்.சி. புத்தகம், படிப்புச் சான்றிதழ்கள், கிரெடிட் கார்டு அறிக்கை, குடும்பப் புகைப்படம், பயணக் காப்பீடு: இவற்றையெல்லாம் அனுப்பாதீர்கள் என்று அவர்களுடைய வழிகாட்டியிலேயே பட்டியல் இருக்கிறது. எங்கள் முதல் விண்ணப்பத்தின் 140 பக்கங்களில் பாதிக்குமேல் அந்தப் பட்டியலில் இருந்தவைதான். இரண்டாவது முறை ஐம்பது பக்கத்துக்குள் முடிந்தது. முக்கியமாக, விசா கைக்கு வரும்முன் பணம் திரும்பி வராத டிக்கெட் எதையும் வாங்கிவிடாதீர்கள்.

ஒருவேளை நிராகரித்துவிட்டால் பணம் திரும்ப வராது. ஆனால் மறுபடி விண்ணப்பிக்கத் தடை ஏதும் இல்லை. அடுத்த படிவத்தில் "முன்பு மறுக்கப்பட்டதா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்று எழுதி, காரணத்தையும் இப்போது என்ன மாறியிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். வேறு நாட்டு விசா மறுக்கப்பட்டிருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். மறைத்தது தெரிந்தால் பத்து ஆண்டு வரை தடை வரும்.

2. எந்த மாதம்

மே, ஜூன், செப்டம்பர் நல்லவை. ஜூனில் இரவு 9.20 வரை வெளிச்சம் இருக்கிறது. ஒரு நாளில் இரண்டு நாளுக்கான பொழுது கிடைத்தது போல இருந்தது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஜூலை இறுதியும் ஆகஸ்டும் பள்ளி விடுமுறை. எங்கும் கூட்டம், அறை வாடகையும் ஏறும். டிசம்பர் 25 அன்று ட்யூப் என்று அவர்கள் சொல்லும் சுரங்க ரயிலும் ஓடாது, பஸ்ஸும் ஓடாது. அன்றைக்குப் போய் இறங்கிவிடாதீர்கள்.

3. பணமும் கார்டும்

முதலில் உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து இரண்டு பொத்தான்களைப் பாருங்கள். ஒன்று, வெளிநாட்டுப் பயன்பாடு. இன்னொன்று, கார்டைச் செருகாமல் தொட்டுப் பணம் செலுத்தும் வசதி. 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி நாமே இயக்கினால்தான் இவை வேலை செய்யும். லண்டனில் பஸ், ட்யூப், காபிக் கடை என எங்கும் கார்டைத் தொட்டுத்தான் போகிறார்கள். இரண்டாவதை மறந்தால் ரயில் நிலையக் கதவு திறக்காது. இரண்டு வெவ்வேறு வங்கிகளின் கார்டுகளை எடுத்துக்கொண்டு, தனித்தனிப் பைகளில் வையுங்கள். சொந்த ஊர் சிம்மும் உயிரோடு இருக்கட்டும், ஓ.டி.பி. அதில்தான் வரும்.

கடையிலோ ஏடிஎம்மிலோ "ரூபாயில் கழிக்கவா, பவுண்டிலா?" என்று திரையில் கேட்டால் பவுண்ட் என்று அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விகிதம். எப்போதும் நமக்கு நஷ்டம்.

இன்னொரு பொறி வீட்டிலேயே இருக்கும். முன்பு லண்டன் போய்வந்த உறவினர் யாராவது அன்போடு பழைய பவுண்ட் நோட்டுகளைக் கொடுப்பார்கள். காகித நோட்டு எதுவும் இப்போது கடையில் செல்லாது. கடைசியாக மிஞ்சியிருந்த 20, 50 பவுண்ட் காகித நோட்டுகளுக்கும் 2022 செப்டம்பர் 30 தான் கடைசி நாள். இப்போது புழக்கத்தில் இருப்பவை பிளாஸ்டிக் போல வழவழவென்று இருக்கும் பாலிமர் நோட்டுகள். என் சித்தப்பா கொடுத்த இரண்டு பழைய இருபதுகளை வாங்க எந்தக் கடைக்காரரும் தயாராக இல்லை. பழைய நோட்டை பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் மாற்றித் தருவார்கள். ஆனால் சில நோட்டுக்காக அரை நாளைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

4. பெட்டியில் வைக்கக் கூடாதவை

இந்தியாவிலிருந்து பால் பொருள்களும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, தயிர், கருவாட்டோடு சேர்த்துக் கட்டிய உப்புக்கண்டம் என்று உறவினர்கள் கொடுத்தனுப்பப் பார்ப்பார்கள். கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். மூன்று சதுரக் கம்பி கொண்ட மின்செருகி ஒன்றை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். குடையைவிட, தலையை மூடும் மெல்லிய மழைச்சட்டை நல்லது. அந்தக் காற்றில் அம்மாவின் குடை மூன்றாம் நாளே கம்பி விட்டுப்போயிற்று.

5. தங்கும் இடமும், விமான நிலையத்திலிருந்து வருவதும்

அறையைத் தேடும்போது நகர மையத்திலேயே வேண்டும் என்று நினைக்காதீர்கள். ட்யூப் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அது போதும். நாங்கள் ஹாமர்ஸ்மித் பகுதியில் தங்கினோம். ரயில் கட்டணத்துக்காக ஊரைப் பிரித்திருக்கும் மண்டலங்களில், மையத்தை அடுத்த இரண்டாம் மண்டலம் அது. ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பிக்கடில்லி தடத்தில் ரயில் மாறாமல் நேரே வந்து இறங்கிவிடலாம். நிலையத்தில் லிஃப்ட் உண்டு. இதை அழுத்திச் சொல்கிறேன்: லண்டனின் பழைய நிலையங்கள் பலவற்றில் படிக்கட்டுதான். கோவென்ட் கார்டனில் லிஃப்ட் நெரிசலைத் தவிர்க்க நினைத்தால் 193 படி ஏற வேண்டும். பெரியவர்களோ பெரிய பெட்டிகளோ கூட இருந்தால், படியில்லாத நிலையங்களைச் சக்கர நாற்காலிக் குறியோடு காட்டும் தனி ட்யூப் வரைபடத்தைப் பார்த்துவிட்டு அறையை முடிவு செய்யுங்கள்.

ஹீத்ரோவிலிருந்து மையத்துக்கு வர மூன்று ரயில்கள். பிக்கடில்லி தடத்து ட்யூப் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் எடுக்கும், 2025இல் 5.80 பவுண்ட். எலிசபெத் தடம் பாடிங்டனுக்கு அரை மணி, அதே ஆண்டில் 13.90 பவுண்ட். ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் கால் மணி. அன்றே டிக்கெட் எடுத்தால் 2025இல் 25 பவுண்ட். "எக்ஸ்பிரஸ்" என்ற பெயரைப் பார்த்துப் பலரும் கடைசியாகச் சொன்னதில் ஏறிவிடுகிறார்கள். பாடிங்டனில் இறங்கி மறுபடி ட்யூப் பிடிக்க வேண்டும் என்றால் மிச்சமாகும் நேரமும் போய்விடும்.

குடியேற்றப் பிரிவில் இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தானியங்கிக் கதவு கிடையாது. வரிசையில் நின்று அதிகாரியைப் பார்க்க வேண்டும். தங்குமிட முகவரி, திரும்பும் டிக்கெட் இரண்டையும் காகிதத்தில் அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். அம்மாவிடம் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை நாள்?" பத்து விரலையும் விரித்துக் காட்டினார். அதிகாரி சிரித்துவிட்டு முத்திரை குத்தினார்.

6. ட்யூபிலும் பஸ்ஸிலும் போவது

சுற்றுலாப் பயணிகளுக்கென்று விற்கும் அட்டைகளை வாங்க அவசரப்படாதீர்கள். கையிலிருக்கும் கார்டே போதும். எத்தனை முறை போனாலும் ஒரு நாளுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதற்குமேல் கழிக்க மாட்டார்கள். முதல் இரண்டு மண்டலங்களுக்கு 2025இல் அது 8.90 பவுண்ட். பஸ் மட்டும் என்றால் 5.25. திங்கள் முதல் ஞாயிறு வரை வார உச்சவரம்பும் தானாகவே கணக்காகும். கட்டணம் மாறும் என்பதால் கிளம்பும்முன் சரிபாருங்கள்.

ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். ஒரே கார்டைத் தொட்டு இருவர் போக முடியாது. கார்டையும், அதே கார்டு ஏற்றிய தொலைபேசியையும் மாற்றி மாற்றித் தொட்டால் இரண்டு வெவ்வேறு பயணிகளாகக் கணக்காகி உச்சவரம்பு வேலை செய்யாது. காலையில் எதைத் தொட்டீர்களோ அதையே இரவு வரை தொடுங்கள்.

ட்யூபில் ஏறும்போதும் இறங்கும்போதும் தொட வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது மட்டும். பஸ்ஸில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். 2025இல் கட்டணம் 1.75 பவுண்ட், முதல் தடவை தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே பணம்தான்.

11 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, பெரியவர் கூட இருந்தால் இலவசம். 60 வயதுக்கு மேற்பட்டோருக்கான இலவச அட்டை அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும். அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

எஸ்கலேட்டரில் வலது பக்கம் நில்லுங்கள். இடது பக்கம் அவசரமாக ஏறுபவர்களுக்கு. வார இறுதியில் பராமரிப்புக்காகச் சில தடங்களை மூடுவார்கள் என்பதால் வெள்ளி மாலையே பார்த்துவிடுங்கள். ட்யூப் வரைபடம் தூரத்தைக் காட்டாது என்பதும் நினைவிருக்கட்டும். லெஸ்டர் ஸ்கொயரிலிருந்து கோவென்ட் கார்டன் முந்நூறு மீட்டர்கூட இல்லை. ரயிலுக்கு இறங்கி ஏறும் நேரத்தில் நடந்தே போய்ச் சேரலாம்.

சுற்றிக்காட்டும் பஸ் என்று மேல்தளம் திறந்த வண்டிகளுக்கு நிறையப் பணம் கேட்பார்கள். அதற்குப் பதில், சாதாரண சிவப்புப் பஸ்ஸின் மாடியில் முன்வரிசை இருக்கை. ஹாமர்ஸ்மித்தில் கிளம்பும் 9ஆம் எண் ராயல் ஆல்பர்ட் ஹாலையும் ஹைட் பார்க் முனையையும் கடந்து டிரஃபால்கர் சதுக்கத்துக்குப் போகிறது. 15ஆம் எண் அங்கிருந்து செயின்ட் பால் பேராலயம், லண்டன் கோபுரக் கோட்டை வழியாகக் கிழக்கே போகிறது. 24ஆம் எண் நாடாளுமன்றப் பக்கமிருந்து வடக்கே ஹாம்ஸ்டெட் ஹீத் புல்வெளி வரை ஏறுகிறது. மரக்கிளைகள் கண்ணாடியில் உரசிக்கொண்டு போகும். வீடுகளின் முதல் மாடி ஜன்னல்கள் நம் கண் மட்டத்தில் வரும். மூன்றையும் சேர்த்து இரண்டு பேருக்கும் பதினோரு பவுண்ட்கூட ஆகவில்லை.

7. பணம் கொடுக்காமல் பார்க்க வேண்டியவை

பத்து நாளில் நாங்கள் நுழைவுச் சீட்டு வாங்கியது இரண்டே இடங்களுக்கு. பெரிய அருங்காட்சியகங்களின் நிரந்தரக் காட்சிக் கூடங்கள் இலவசம். சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் கட்டணம். இலவசம்தானே என்று நேரே போய் நிற்காமல், இணையத்தில் நேரத்தை முன்பதிவு செய்துகொண்டு போங்கள். பாதுகாப்புச் சோதனை வரிசை அவ்வளவு நீளம்.

பிரிட்டிஷ் மியூசியம் காலை 10 முதல் மாலை 5 வரை. வெள்ளிக்கிழமை இரவு 8.30 வரை திறந்திருக்கிறது; அந்த வெள்ளி மாலைதான் அதற்குப் பொருத்தமான நேரம். பள்ளிக் குழந்தைகளும் குழுக்களும் போயிருப்பார்கள். பெரிய பெட்டியோடு வந்தால் உள்ளே விட மாட்டார்கள் என்பதால் அறையைக் காலி செய்த நாளில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள். எல்லோரும் எகிப்தைப் பார்க்க நெருக்கியடிக்கும்போது நீங்கள் 33ஆம் அறைக்குப் போங்கள். தமிழ்நாட்டிலிருந்து போன சோழர் கால நடராஜர் அங்கே இருக்கிறார். அதை ஒட்டிய 33-ஏ அறையில் அமராவதிச் சிற்பங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்த அதே தூபியின் மற்ற துண்டுகள். அம்மா நடராஜரின் முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். காவலர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கால் மணி நேரத்துக்காகவே இவ்வளவு தூரம் வந்ததாக எனக்குத் தோன்றியது. சில அறைகளைச் சில நாள் மூடிவைப்பதுண்டு. போகும் நாளில் இணையதளத்தில் பாருங்கள்.

டிரஃபால்கர் சதுக்கத்தில் உள்ள தேசிய ஓவியக்கூடம் வெள்ளியன்று இரவு 9 வரை. சவுத் கென்சிங்டனில் இயற்கை வரலாறு, அறிவியல், விக்டோரியா ஆல்பர்ட் என்று மூன்று அருங்காட்சியகங்கள் அடுத்தடுத்து. ஒரே நாளில் மூன்றும் வேண்டாம், கால் போய்விடும். குழந்தைகளோடு போனால் இயற்கை வரலாறு மட்டும். கூடத்தில் 25 மீட்டர் நீள நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தலைக்குமேல் பாய்ந்துவருவது போலத் தொங்குகிறது.

உயரத்திலிருந்து ஊரைப் பார்க்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஃபென்சர்ச் தெருவில் 20ஆம் எண் கட்டடத்தின் உச்சியில் ஸ்கை கார்டன் இருக்கிறது. நுழைவு இலவசம். ஆனால் டிக்கெட்டை வாராவாரம் திங்கட்கிழமை, மூன்று வாரத்துக்கு முன்னதாகத் திறந்துவிடுகிறார்கள். நல்ல நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். விசா வந்ததும் நாட்காட்டியில் குறிக்க வேண்டிய முதல் தேதி இதுதான். கிடைக்காவிட்டால் பிரிம்ரோஸ் குன்று. டிக்கெட்டே வேண்டாம்.

செயின்ட் பால் பேராலயத்துக்குள் சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு. பெரும்பாலான நாட்களில் மாலை 5 மணிக்கு நடக்கும் பாடல் வழிபாட்டில் உட்காரக் கட்டணம் இல்லை. அது வழிபாடு, படம் எடுக்காமல், நடுவில் எழாமல் இருக்க முடிந்தால் போங்கள். அந்தக் குவிமாடத்தின் கீழ் குரல்கள் எழும்பிப் போவதைக் கேட்டது, காசு கொடுத்துச் சுற்றியவர்களுக்குக் கிடைத்திருக்காது. நாடாளுமன்றம் கூடியிருக்கும் நாட்களில் விவாதத்தை மாடத்திலிருந்து பார்க்கவும் கட்டணமில்லை. வரிசையில் நிற்கும் பொறுமை மட்டும் வேண்டும். ஆகஸ்டில் அவை கூடாது.

அரண்மனைக் காவலர் மாற்றும் நிகழ்ச்சி பொதுவாகத் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு காலை 11க்கு. பத்தே காலுக்குள் போய் நிற்காவிட்டால் முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். அம்மாவால் அவ்வளவு நேரம் நிற்க முடியாது என்பதால் நாங்கள் விட்டுவிட்டோம்.

நாடகம் பிடிக்குமென்றால் தேம்ஸ் கரையில் ஷேக்ஸ்பியர்ஸ் குளோப். நின்று பார்க்கும் டிக்கெட் 2025இல் 5 பவுண்டிலிருந்து கிடைத்தது. மேடையின் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பார்க்கலாம். கூரையில்லாத முற்றம், மழை பெய்தாலும் குடை விரிக்கக் கூடாது, தரையில் உட்காரவும் கூடாது. ஒரு மாலை அம்மா அறையில் ஓய்வெடுக்க, நான் மட்டும் போய் மூன்று மணி நேரம் நின்றேன்.

8. ஒரு முழு நாளைக் கிரீனிச்சுக்குக் கொடுங்கள்

எங்கள் பத்து நாளில் இதுதான் சிறந்த நாள். மையத்திலிருந்து கிரீனிச்சுக்குப் படகில் போனோம். ஆற்றில் ஓடும் பயணிகள் படகிலும் அதே கார்டைத் தொடலாம். ஆனால் ட்யூபின் உச்சவரம்புக் கணக்கில் அது சேராது. கோபுரப் பாலத்துக்கு அடியில் படகு நுழையும்போது வெளித்தளத்தில் நிற்பது நல்லது. கடல்சார் அருங்காட்சியகம் இலவசம், குன்றின்மேல் உள்ள வானாய்வகத்துக்குக் கட்டணம். டிக்கெட் எடுக்காமலே குன்றில் ஏறி உட்கார்ந்தால் ஊர் முழுதும் காலடியில்.

திரும்பும்போது படகு வேண்டாம். கட்டி சார்க் என்ற பழைய பாய்மரக் கப்பலுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் குவிமாடம் போட்ட ஒரு சிறிய வட்டக் கட்டடம் இருக்கும். அது தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் போகும் நடைபாதைச் சுரங்கத்தின் வாசல். 1902இல் திறந்தது. 370 மீட்டர். இலவசம். வெள்ளை ஓடு பதித்த குழாய்க்குள் போவது போல இருக்கும். நடுவில் தாழ்ந்து மறுபடி ஏறும். பேசினால் குரல் முன்னால் ஓடிப்போய்த் திரும்பி வரும். "தலைக்குமேல் ஆறா?" என்று அம்மா இரண்டு முறை கேட்டார். லிஃப்ட் அடிக்கடி பழுதாகும். வேலை செய்யாத நாளில் இறங்க நூறு படி, ஏற ஏறக்குறைய அதே அளவு. முழங்கால் வலி உள்ளவர்கள் முதலில் லிஃப்ட் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அக்கரையில் ஐலண்ட் கார்டன்ஸ் நிலையம். அங்கிருந்து டி.எல்.ஆர். என்ற ரயில். ஓட்டுநர் அறை கிடையாது. அதனால் முதல் பெட்டியின் முன்கண்ணாடிக்கு நேரே நம்முடைய இருக்கை! கானரி வார்ஃபின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே பாலத்தின்மேல் வளைந்து வளைந்து போகும்போது ரயிலை நாமே ஓட்டுவது போல இருக்கும். முன் இருக்கை காலியாக இருக்கும் வண்டிக்காக இரண்டு ரயிலை விட்டுவிட்டு நில்லுங்கள், தகும்.

இங்கேதான் ஒரு பெரிய பொறி. டி.எல்.ஆர். நிலையங்கள் பலவற்றில் கதவே இல்லை. நடைமேடைக்குப் போகும் வழியில் ஒரு கம்பத்தில் கார்டு தொடும் கருவி மட்டும் இருக்கும். யாரும் தடுக்காததால் நேரே ஏறிவிடுவோம். பரிசோதகர் வந்தால் அபராதம் 100 பவுண்ட். 21 நாளுக்குள் கட்டினால் பாதி. இறங்கும்போது தொட மறந்தாலும் அதிகபட்சக் கட்டணம் கழியும். எங்கள் பெட்டியில் ஒரு குடும்பம் அப்படி மாட்டிக்கொண்டு தவித்ததைப் பார்த்தேன். கம்பத்தைத் தேடித் தொட்டுவிட்டு ஏறுங்கள்.

9. சாப்பாடு

இட்லி, தோசை, கொத்துப் பரோட்டாவுக்கு ஈஸ்ட் ஹாமும் டூட்டிங்கும் இருக்கின்றன. ஈஸ்ட் ஹாமில் முருகன் கோயிலுக்குப் போய்விட்டுச் சாப்பிட்டு வருவது ஒரு நல்ல அரைநாள். மதியத்துக்குப் பல்பொருள் அங்காடிகளில் சாண்ட்விச், நொறுக்குத்தீனி, பானம் மூன்றும் சேர்த்து ஒரே விலையில் விற்பார்கள். பூங்காவில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

சைவம் சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது: நம் ஊர்ப் பச்சைப் புள்ளி அங்கே கிடையாது. "சைவத்துக்கு ஏற்றது" என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜெல்லி மிட்டாய்களில் ஜெலட்டின் இருக்கும். சில பாலாடைக் கட்டிகளிலும் விலங்குப் பொருள் சேரும்.

உணவகத்தில் பில்லோடு 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்திருப்பார்கள். பெரும்பாலும் அது விருப்பத்துக்குரியது. ஏற்கெனவே சேர்த்திருக்கும்போது தனியாக டிப்ஸ் வைக்காதீர்கள். மது விற்கும் உரிமம் உள்ள இடங்களில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். "தண்ணீர்" என்று மட்டும் சொன்னால் பாட்டில் வரும், பில்லிலும் வரும். "குழாய்த் தண்ணீர்" என்றே கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறக்கலாம். துணிமணி வாங்க அந்த நாளை வைக்காதீர்கள்.

10. தொலைபேசி, உடல்நலம்

நடைபாதை விளிம்பில் நின்று தொலைபேசியில் வழி பார்க்காதீர்கள். மின்சைக்கிளில் வந்து கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். சுவரோரம் ஒதுங்கி நின்று பாருங்கள். பாஸ்போர்ட், விசா நகல்களை மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள். அவசர எண் 999.

விசாவுக்குக் காப்பீடு வேண்டாம் என்றேன். பயணத்துக்குக் கட்டாயம் வேண்டும். மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் வெளிநாட்டவரிடம் அசல் செலவில் ஒன்றரை மடங்கு வசூலிப்பார்கள். அம்மாவின் இரத்த அழுத்தத்தை மறைக்காமல் எழுதியே காப்பீடு எடுத்தேன். பிரீமியம் கொஞ்சம் கூடியது, பரவாயில்லை. மருந்துகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பெரிய ரயில் முனையங்களில் கழிப்பறை இலவசம். கிங்ஸ் கிராஸ், வாட்டர்லூ, பாடிங்டன் எதுவானாலும் தயங்காமல் போகலாம்.

11. திரும்பும் நாள்

வாங்கிய பொருளுக்கு விமான நிலையத்தில் வரி திரும்பக் கிடைக்கும் என்று பழைய அனுபவத்தில் சிலர் சொல்வார்கள். 2021 ஜனவரி 1 முதல் லண்டனில் அந்த வசதி இல்லை. ரசீதுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு முகப்பைத் தேடி அலையாதீர்கள்.

பிரிட்டனிலிருந்து வெளியேறும்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த மாட்டார்கள். ஆனால் அடுத்த முறை விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது கடந்த பத்து ஆண்டுகளில் எங்கே, எந்தத் தேதியில் போய், எப்போது திரும்பினீர்கள் என்று கேட்பார்கள். போகும்போதும் வரும்போதும் வாங்கிய போர்டிங் பாஸ் இரண்டையும் தூக்கிப் போட்டுவிடாமல் விசாக் கோப்பிலேயே செருகி வையுங்கள். அம்மாவினுடையதையும் என்னுடையதையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.